நோயாளி வீடு திரும்பும் நாளில் பூனை ஏன் ஒளிந்துகொள்கிறது?

நெடுநாள் மருத்துவமனையில் தங்கியிருந்து வீடு திரும்பிய நோயாளிகளின் குடும்பத்தினர் மறுபரிசோதனைக்கு வரும்போது காயம், மருந்து, உணவு ஆகியவற்றைப் பற்றிக் கேட்டு முடித்தபின், சற்றுத் தயங்கி இன்னொரு கேள்வியையும் கேட்பதுண்டு. வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. ஆறேழு ஆண்டுகளாக அம்மாவின் மடியைவிட்டு இறங்காத பூனை. இருபது நாள் கழித்து அம்மா வீட்டுக்குள் நுழைந்ததும் அது அவரை முகர்ந்து பார்த்தது, சீறியது, கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. இரண்டாம் நாள் அவருடைய படுக்கையிலேயே சிறுநீர் கழித்துவிட்டது. ‘நாயாக இருந்தால் நன்றி இருக்கும். இதற்கு என்ன தெரியும்? எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாமா?’ என்று கேட்பவர் பெரும்பாலும் மகனாகவோ மருமகளாகவோ இருப்பார். அருகில் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் அம்மா ஒன்றும் சொல்வதில்லை.

அந்த மௌனத்தை முன்னிட்டே இக்கட்டுரையை எழுதுகிறோம். நோயிலிருந்து தேறிவரும் ஒருவருக்கு, பகற்பொழுது முழுவதும் உடனிருக்கும் ஒரே உயிர் சில வீடுகளில் அந்தப் பூனைதான். அதை இழப்பது சிறிய இழப்பன்று. அதே சமயம், அச்சமுற்ற பூனை கடிக்கும், பிறாண்டும். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த நோயாளிக்கு அக்கடி பெருந்துன்பமாக முடியலாம். ஆகவே பூனையை அனுப்பிவிடுவதா, வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யுமுன், அது ஏன் அவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. எங்கள் கருத்தைச் சுருக்கமாக முதலிலேயே கூறிவிடுகிறோம்: படுக்கையை நனைத்த பூனை பழிவாங்கவில்லை, அது பயந்திருக்கிறது. அந்தப் பயத்தைத் தணிக்க வழிகள் உள்ளன.

மணத்தால் ஆன வீடு

வீட்டுப் பூனையின் மூதாதை, ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் ஒரு காட்டுப்பூனை இனம் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. தானியக் குதிர்களில் பெருகிய எலிகளைத் தேடி அது மனிதக் குடியிருப்புகளுக்கு வந்தது. சைப்ரஸ் தீவில் ஷில்லூரோகாம்போஸ் என்னுமிடத்தில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒரு மனிதரின் குழிக்கு மிக அருகே ஒரு பூனையும் தனிக்குழியில் புதைக்கப்பட்டிருந்ததை 2004-ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் அறிவித்தனர். உறவு பழமையானதுதான். ஆயினும் நாயை மனிதன் வேட்டைக்கும் காவலுக்கும் பழக்கி, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததைப் போலப் பூனையை வளர்க்கவில்லை. அது தானாக வந்தது, தன் இயல்பைப் பெரிதும் மாற்றிக்கொள்ளாமல் தங்கிவிட்டது.

அவ்வியல்பில் இரண்டு கூறுகளை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். முதலாவது, பூனை தனித்து வேட்டையாடும் விலங்கு. கூட்டமாக வாழும் விலங்குக்குக் காயம் பட்டால் கூட்டம் காக்கும். தனித்து வாழும் விலங்குக்கு அந்தத் துணை இல்லை. எனவே மோதலைத் தவிர்ப்பதும், ஐயம் தோன்றியவுடன் விலகி ஒளிவதும் அதன் பிழைக்கும் வழி. இரண்டாவது, நான்கு கிலோ எடையுள்ள அச்சிறு விலங்கு எலிக்கு வேட்டைக்காரன் என்றாலும் நாய்க்கும் நரிக்கும் இரை. எலிக்குக் கொண்டாட்டமில்லாத வீட்டில்கூடப் பூனைக்குத் திண்டாட்டம் உண்டு என்று பழமொழியைச் சற்றுத் திருப்பிச் சொல்லலாம். அது உயரமான இடத்தை நாடுவதும் இதனாலேயே. நாம் ‘மதில்மேல் பூனை’ என்று முடிவெடுக்காதவரைக் குறிப்பிடுகிறோம். பூனையோ இரு பக்கத்தையும் ஒருசேரக் காண முடிவதால்தான் மதிலைத் தேர்ந்தெடுக்கிறது.

இப்படிப்பட்ட விலங்கு தன் வீட்டைக் கண்ணால் அறிவதைவிட மூக்கால் அறிகிறது. அதன் கன்னம், நெற்றி, பாதம், வாலின் அடி ஆகிய இடங்களில் மணச்சுரப்பிகள் உள்ளன. கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும் நம் கணுக்காலிலும் அது கன்னத்தை உரசும்போது, ‘இது எனக்குப் பழக்கமானது, இங்கே ஆபத்தில்லை’ என்ற குறிப்பைப் பூசிவிட்டுச் செல்கிறது. நாள்தோறும் புதுப்பிக்கப்படும் இந்தக் குறிப்புகளின் தொகுப்பே பூனைக்கு வீடு. அம்மாவும் அந்த வீட்டின் ஒரு பகுதி. அவருடைய மணத்தோடு பூனையின் மணமும் கலந்து அவர் மீது எப்போதும் இருந்துகொண்டிருந்தது.

இப்போது மருத்துவமனையிலிருந்து திரும்பும் அம்மாவைப் பூனையின் மூக்கு எவ்வாறு காணும் என்று எண்ணிப் பாருங்கள். ஸ்பிரிட், கிருமிநாசினி, கட்டுத்துணியின் பசை, புதிய மருந்துகள் வியர்வையில் கலந்த வாடை, மருத்துவமனைச் சோப்பு. பூனை பூசிவைத்த மணத்தில் எதுவும் மிச்சமில்லை. உருவம் ஒன்று, மணம் வேறொன்று. இரண்டு பூனைகள் வளர்ப்பவர்கள் இதை வேறு வகையில் கண்டிருப்பார்கள். ஒரு பூனையைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்த் திரும்ப அழைத்து வந்தால், உடன்பிறந்த மற்றொரு பூனையே அதைப் பார்த்துச் சீறும். ஓரிரு நாளில் மணம் பழைய நிலைக்கு வந்ததும் இரண்டும் மீண்டும் ஒன்றாக உறங்கும். அம்மாவிடம் நடந்ததும் அதுவே.

மணத்தோடு ஒலியும் சேர்ந்துகொள்கிறது. மனிதச் செவி விநாடிக்கு 20,000 அதிர்வு வரையுள்ள ஒலியையே கேட்கும். பூனையின் செவி 60,000-க்கும் மேற்பட்ட அதிர்வுகளைக் கேட்கும். ஆக்சிஜன் செறிவூட்டியின் இரைச்சல், காற்றுப் படுக்கையின் மோட்டார், வாக்கர் தரையில் தட்டும் ஓசை ஆகியவை நம்மைவிட அதற்கு மிகுதியாக உறைக்கும். போதாக்குறைக்கு, நலம் விசாரிக்க வரும் உறவினர்கள். பூட்டியே கிடந்த முன்னறையில் திடீரெனப் போடப்பட்ட இரும்புக் கட்டில். வேளை தவறி வைக்கப்படும் சோறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நோயாளி வருகிறார் என்று வீடு முழுவதையும் பினாயில் ஊற்றிக் கழுவிவிடுவது நம் வழக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் பூனை பல ஆண்டுகளாக எழுதிவைத்த மணக்குறிப்புகள் அனைத்தும் ஒரே காலையில் அழிந்துபோகின்றன. மேலும், பினாயில் வகைக் கிருமிநாசினிகளில் பல பூனைக்கு நஞ்சு. ஈரத்தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே உடலுக்குள் சென்றுவிடும். தரையைச் சோப்பு நீரால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் பூனையை உள்ளே விடுவது போதுமானது. நோயாளிக்குக் கட்டாயம் கிருமிநாசினி தேவைப்படும் இடங்கள் எவை என்று வீடு திரும்பும் நாளில் செவிலியரிடம் கேட்டு, அந்த இடங்களில் மட்டும் பயன்படுத்துங்கள்.

பதற்றத்தின் அறிகுறிகள்

பூனை தன் துன்பத்தை வெளிக்காட்டாத விலங்கு. தனித்து வாழும் உயிர் தன் பலவீனத்தைக் காட்டினால் அதுவே அதற்கு ஆபத்து. ஆதலால் பதற்றம் சிறு மாற்றங்களாகவே தெரியும்: வழக்கமாக உறங்கும் இடத்தை விட்டு அலமாரிக்குப் பின்னால் போய் முடங்குவது, உணவைக் குறைத்துக்கொள்வது, வயிற்றுப் பகுதியிலோ தொடையிலோ முடி கொட்டும் அளவுக்கு இடைவிடாது நக்குவது, இரவில் நீளமாகக் கத்துவது, ஒருவரையே பின்தொடர்ந்து சென்று விலகாமலிருப்பது. காது பின்னோக்கி மடிந்து, கண்மணி விரிந்து, வாலின் நுனி விசுக்விசுக்கென்று ஆடினால் அது தொடாதே என்பதற்கான எச்சரிக்கை. பெரும்பாலான கடிகள் இந்த எச்சரிக்கையைக் காணத் தவறிய கைகளில்தான் விழுகின்றன.

‘குர்குர்’ என்று தொண்டையில் ஒலியெழுப்பினால் பூனை மகிழ்ச்சியாக உள்ளது என்பது பொது நம்பிக்கை. பல வேளைகளில் அது உண்மை. ஆனால் வலியிலும் நோயிலும் மரணத்தறுவாயிலும்கூடப் பூனைகள் இவ்வொலியை எழுப்புகின்றன. அதை மட்டும் வைத்து நலமென்று முடிவு செய்ய வேண்டாம்.

சிறுநீர் விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். ஏனெனில் பூனைகள் வீட்டைவிட்டு விரட்டப்படுவதற்கு இதுவே முதற்காரணம். மணல் தட்டில் ஒழுங்காகப் போய்வந்த பூனை படுக்கையில் சிறுநீர் கழித்தால், அதற்கு மூன்று விளக்கங்கள் இருக்கலாம். தட்டு அசுத்தமாக இருக்கலாம். அம்மா இருந்தவரை அவர்தாம் நாள்தோறும் அள்ளிவந்தார், அவர் இல்லாத இருபது நாளில் அது யாருடைய வேலை என்று ஒருவருக்கும் தெரியாமல் போயிருக்கலாம். அல்லது, அன்னிய மணம் வீசும் கட்டிலில் தன் மணத்தைக் கலந்து தன்னைத் தேற்றிக்கொள்ளப் பூனை முயன்றிருக்கலாம். நமக்கு அருவருப்பாக இருப்பது அதற்கு ஆறுதல். மூன்றாவது விளக்கமே முக்கியமானது. மன அழுத்தத்தால் பூனைகளுக்குச் சிறுநீர்ப்பையில் கிருமியே இல்லாமல் அழற்சி உண்டாவதுண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்னும் கால்நடை மருத்துவர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பூனையின் சுற்றுப்புறத்தைச் சீராக்கினால், அதாவது ஒளியிடம், உயரமான இடம், மாறாத உணவு வேளை, விளையாட்டு ஆகியவற்றைக் கொடுத்தால், நோய் திரும்பத் திரும்ப வருவது குறைகிறது என்பது அவ்வாய்வுகளின் பயன். எரிச்சலோடு சிறுநீர் கழிக்கும் பூனை அந்த வலியை மணல் தட்டோடு தொடர்புபடுத்திக்கொண்டு, மென்மையான வேறிடத்தைத் தேடுகிறது. மெத்தையைவிட மென்மையான இடம் வீட்டில் எது?

அடித்தால் பயம் கூடும். பயம் கூடினால் அழற்சி கூடும். தெனாலிராமன் வளர்த்த பூனையின் கதை நம் அனைவருக்கும் தெரியும். ஒருமுறை வாய் வெந்த பூனை அதன்பின் பாலைக் கண்டாலே ஓடியது. கதை என்றாலும், பூனை கற்றுக்கொள்ளும் முறை அதில் சரியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. ஒரே ஒரு கொடிய அனுபவம் போதும். அம்மாவின் கட்டிலருகே அடிவாங்கிய பூனைக்கு அடியும் கட்டிலும் அம்மாவும் ஒன்றாகிவிடும்.

இரண்டு நிலைகளில் காத்திருக்கக் கூடாது. ஆண் பூனை அடிக்கடி மணல் தட்டில் போய் முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால், அதன் சிறுநீர்ப்பாதை அடைபட்டிருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். பூனை இரண்டு நாள் அறவே உண்ணாதிருந்தால், குறிப்பாகப் பருத்த பூனையாக இருந்தால், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து பெருநோயாக முடியும். இவ்விரண்டிலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பூனைக்கு அன்பு உண்டா?

நோயாளிகள் எங்களிடம் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் மனத்தில் இருப்பது இக்கேள்வியே. அதற்கு ஆய்வுகள் தரும் விடை ஊக்கமளிக்கிறது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் விட்டாலேயும் உடன் ஆய்வாளர்களும், கைக்குழந்தைகள் தாயிடம் கொண்டுள்ள பிணைப்பை அளக்கப் பயன்படும் சோதனையைப் பூனைகளுக்கேற்ப மாற்றி நடத்தி, 2019-இல் முடிவுகளை வெளியிட்டனர். பழக்கமில்லாத அறையில் வளர்ப்பவரோடு பூனை இரண்டு நிமிடம் இருக்கும், பிறகு அவர் இரண்டு நிமிடம் வெளியே போய்விடுவார், மீண்டும் வருவார். திரும்பி வந்தவரைக் கண்டதும் பூனை பதற்றம் தணிந்து, அவரிடம் வந்து போய், பின் அறையை ஆராயத் தொடங்கினால் அது உறுதியான பிணைப்பு. ஏறத்தாழ நூற்றுக்கு 65 பூனைகள் அவ்வாறு நடந்துகொண்டன. மனிதக் குழந்தைகளிடம் காணப்படும் விகிதமும் ஏறக்குறைய இதுவே. அதாவது, பூனை தன்னை வளர்ப்பவரை உணவு தருபவராக மட்டும் காணவில்லை. அவரிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை என்றும் கருதுகிறது.

அந்த அன்பு வெளிப்படும் விதம்தான் வேறு. ஜப்பானில் அத்சுகோ சைட்டோவும் உடன் ஆய்வாளர் ஒருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மறைவிலிருந்து வளர்ப்பவர் குரலையும் அன்னியர் குரல்களையும் பூனைகளுக்குக் கேட்கச் செய்தனர். வளர்ப்பவர் குரலுக்குப் பூனைகள் காதைத் திருப்பின, தலையைத் திருப்பின. ஆனால் எழுந்து வரவில்லை. பூனை வளர்ப்பவர்கள் இதைப் படித்துச் சிரித்திருப்பார்கள். நோயாளிகளுக்கு இதிலிருந்து ஒரு பயன் உண்டு: மணம் மாறிப்போயிருந்தாலும் குரல் மாறவில்லை. படுக்கையில் இருந்தபடியே, வழக்கமாக அழைக்கும் பெயரைச் சொல்லி, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருங்கள். கட்டிலுக்கடியில் இருக்கும் காதுகள் உங்கள் பக்கம் திரும்பியிருக்கும்.

கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டுவிட்டதாக நினைக்கும் பூனையைப் பழமொழி ஏளனம் செய்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2020-இல் வெளியான ஓர் ஆய்வு அக்காட்சிக்கு வேறு பொருள் தருகிறது. மனிதர் தம் கண்களைச் சற்றுச் சுருக்கி மெல்ல மூடித் திறந்தால், பூனையும் அவ்வாறே மெல்லக் கண்சிமிட்டுகிறது. அவ்வாறு கண்சிமிட்டிய அன்னியரின் கையை அணுகவும் அதிகமாக முன்வருகிறது. எதிரியின் முன் எந்த விலங்கும் கண்ணை மூடாது. உங்கள் முன் பூனை கண்ணை மூடுவது நம்பிக்கையின் அடையாளம். கை அசைக்க முடியாத நோயாளிகூட இதைச் செய்யலாம் என்பதால் எங்களுக்கு இந்த ஆய்வின் மீது தனி விருப்பம்.

சூரிச் நகரில் டென்னிஸ் டர்னரும் அவர் குழுவினரும் வீடுகளில் உட்கார்ந்து கண்ட ஒரு செய்தியும் இங்கே பொருந்தும். மனிதர் தொடங்கிய கொஞ்சலைவிடப் பூனை தானாக வந்து தொடங்கிய கொஞ்சல் நீண்ட நேரம் நீடிக்கிறது. ஆகவே பேரக்குழந்தைகள் பூனையைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துவந்து பாட்டியின் மடியில் போடுவது அன்பான செயலாகத் தோன்றினாலும் பயன் தராது. அது பிறாண்டிவிட்டு ஓடும். பாட்டியின் கையில் ஊசி ஏற்றிய இடத்தில் நகம் படும்.

வீடு திரும்புமுன் செய்யத்தக்கவை

நோயாளி வார்டில் இருக்கும்போதே ஆயத்தம் தொடங்கலாம். அவர் பயன்படுத்திய, இரத்தமோ சீழோ மருந்தோ படாத ஒரு துண்டையோ தலையணை உறையையோ வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூனை உறங்குமிடத்தருகே இடுங்கள். புதிய மணம் சிறிது சிறிதாக அறிமுகமாகும். பூனை படுத்துறங்கிய துணியை வார்டுக்குக் கொண்டுவருவது மட்டும் வேண்டாம். வாடகைக் கட்டில், வாக்கர் ஆகியவை முடிந்தால் மூன்று நான்கு நாள் முன்பே வந்துவிடட்டும். பூனை அவற்றை முகர்ந்து, உரசி, தன்னுடையதாக்கிக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

ஒளிவிடம் ஒன்று கட்டாயம் தேவை. விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். மருந்து வந்த அட்டைப்பெட்டியே போதும். நெதர்லாந்தில் விலங்குக் காப்பகமொன்றில் புதிதாகச் சேர்ந்த பூனைகளில் சிலவற்றுக்குப் பெட்டி கொடுத்தும் சிலவற்றுக்குக் கொடுக்காமலும் ஒப்பிட்டபோது, பெட்டி கிடைத்தவை விரைவாகப் பதற்றம் தணிந்தன என்று 2014-இல் அங்குள்ள ஆய்வாளர்கள் எழுதினர். ஒளிந்திருக்கும் பூனையை எட்டிப் பார்க்காதீர்கள். உணவும் நீரும் அருகே இருக்கட்டும். மணல் தட்டு உணவிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும். நாமும் அப்படித்தானே விரும்புவோம்.

உணவு வேளை மாறாமலிருப்பது எல்லாவற்றிலும் முக்கியம். அம்மா காலை ஆறு மணிக்குப் போட்டார் என்றால் அதே ஆறு மணி, அதே கிண்ணம். ‘பாவம், இளைத்துவிட்டது’ என்று பால் ஊற்ற வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாற்சர்க்கரை செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கு வரும். அம்மாவால் எழ முடியாவிட்டாலும், கிண்ணத்தில் இடுவதை அவர் கண்ணெதிரே, அவர் குரல் கேட்கும்போது இடுங்கள். பெரும்பாலான பூனைகள் சில நாளிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகின்றன.

நோயாளியின் பாதுகாப்பு

கீமோதெரபி பெறுபவர்கள், உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், கட்டுக்குள் வராத நீரிழிவு உள்ளவர்கள் இப்பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம். வீட்டில் பூனை இருப்பதை உங்கள் மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். சொன்னால் ‘உடனே அனுப்பிவிடு’ என்பார்கள் என்று அஞ்சி மறைப்பவர்கள் உண்டு. பெரும்பாலான நோயாளிகளுக்குப் பூனையை அனுப்பிவிட வேண்டியதில்லை. சில ஒழுங்குகளே தேவை.

பூனைக்கடி பார்வைக்குச் சிறிய புள்ளியாக இருக்கும். அதன் பல் ஊசிபோல் மெல்லியது. கிருமியை ஆழத்தில் செலுத்திவிட்டுத் தோல் மூடிக்கொள்ளும். ஒரே நாளில் கை வீங்கிச் சிவந்துவிடுவது அரிதன்று. கடித்தாலும், தோல் கிழியப் பிறாண்டினாலும், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் வாருங்கள். நம் நாட்டில் ரேபிஸ் நோய் நாய்க்கடியால் மட்டும் வருவதன்று, பூனைக்கடியாலும் வரும். வீட்டுப் பூனைதானே என்று இருந்துவிடக் கூடாது. பூனைக்கு ஆண்டுதோறும் ரேபிஸ் தடுப்பூசி, குடற்புழு மருந்து, தெள்ளுப்பூச்சி நீக்கும் மருந்து ஆகியவற்றைக் கால்நடை மருத்துவர் அறிவுரைப்படி கொடுத்துவாருங்கள். பிறாண்டலால் பரவும் ஒருவகைக் காய்ச்சலுக்குக் காரணமான கிருமியைப் பூனைகளிடையே பரப்புவது தெள்ளுப்பூச்சியே.

மணல் தட்டை நோயாளியோ கருவுற்ற பெண்ணோ சுத்தம் செய்ய வேண்டாம். டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வெளியேறலாம். அது வெளியேறியவுடன் தொற்றுவதில்லை. தொற்றும் நிலையை அடையக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும். எனவே வேறொருவர் கையுறை அணிந்து நாள்தோறும் அள்ளிவிட்டால் ஆபத்து பெரிதும் குறைந்துவிடுகிறது. பூனை இதை எலி, பறவை, பச்சை இறைச்சி ஆகியவற்றிலிருந்து பெறுகிறது. வீட்டுக்குள் வளர்ந்து சமைத்த உணவை உண்ணும் பூனையிடம் இது இருக்கும் வாய்ப்பு குறைவு. மனிதர்களுக்கு வேகாத இறைச்சியாலும் கழுவாத கீரை, காய்களாலும் இது தொற்றுகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

தொங்கும் குழாய் எதுவாயினும் பூனைக்கு விளையாட்டுப் பொருள். ஆக்சிஜன் குழாய், சிறுநீர்க்குழாய், மூக்குவழி உணவுக்குழாய் உள்ளவர்களின் அறையில் இரவில் பூனையை விடாதீர்கள். ஆறாத காயத்தை நக்க விடாதீர்கள். நடக்கப் பழகும் முதியவர்களின் காலடியில் பூனை குறுக்கே வந்து அவர்கள் விழுந்துவிடக்கூடும். உடற்பயிற்சி நேரத்தில் அதை வேறறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். பகைமையில்லாமல், ஒரு பிடி உணவோடு. இந்தக் காலத்தில் புதிய குட்டிப்பூனை எதையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

பூனையின் பாதுகாப்புக்கும் ஒரு சொல். நோயாளியின் மருந்துப் பெட்டி அதற்கு ஆபத்தானது. காய்ச்சலுக்கு நாம் சாதாரணமாக உட்கொள்ளும் பாரசிட்டமாலைச் சிதைக்கும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே அதைக் கொல்லப் போதும். பூனை சோர்ந்திருக்கிறது என்று அம்மாவின் மாத்திரையில் கால்பங்கை உடைத்துக் கொடுப்பவர்கள் உண்டு, கொடுக்கவே கூடாது. வலிநிவாரணிக் களிம்பு தடவிய மூட்டையும் நக்க விடாதீர்கள். நலம் விசாரிக்க வருவோர் கொண்டுவரும் பூங்கொத்தில் லில்லி மலர் இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். அதன் மகரந்தம்கூடப் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும்.

நோயாளியின் அருகே பூனை படுத்தால்

பூனை விலகினால் வருந்துவோர் ஒருபுறமிருக்க, பூனை நோயாளியைவிட்டு நகராதிருந்தால் அஞ்சுவோரும் உள்ளனர். அமெரிக்காவின் பிராவிடென்ஸ் நகர முதியோர் மருத்துவ இல்லமொன்றில் வளர்ந்த ஆஸ்கர் என்னும் பூனை, மரணத்தை நெருங்கியவர்களின் படுக்கையில் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று அங்கு பணியாற்றிய டேவிட் டோசா என்ற மருத்துவர் 2007-இல் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் எழுதினார். அச்செய்தி உலகெங்கும் பரவியது. உடலில் நேரும் மாற்றத்தின் வாடையை அது உணர்ந்திருக்கலாம். இறுதிநிலை நோயாளிகளுக்குப் போர்த்தப்படும் வெதுவெதுப்பான கம்பளியையும், அசைவற்ற அமைதியையும் நாடியிருக்கலாம். பூனைக்கு இதமான வெப்பம் 30 பாகை செல்சியசுக்கு மேல். காய்ச்சலுற்ற மனிதரும் நாள் முழுதும் படுத்திருப்பவரும் அதற்கு நல்ல கணப்பு. உங்கள் பூனை அப்பாவின் காலடியில் சுருண்டு படுத்திருப்பதை எந்தச் சகுனமாகவும் கொள்ள வேண்டியதில்லை. பல பூனைகளை வளர்த்தவரான புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், நெடுநாள் நோயாளிகளுக்குச் சிறிய வளர்ப்புயிர் நல்ல துணை என்று செவிலியம் பற்றிய தம் நூலில் எழுதியிருக்கிறார்.

நோயாளி திரும்பி வராத வீடுகளும் உண்டு. அவ்வீடுகளில் பூனை அவருடைய நாற்காலியைச் சுற்றி வருவதையும், அறைவாசலில் நின்று கத்துவதையும், உணவைத் தொடாதிருப்பதையும் கண்டு குடும்பத்தினர் கலங்குகின்றனர். இறப்பு என்பதைப் பூனை எவ்வளவு அறியும் என்று எவராலும் கூற இயலாது. தனக்குப் பாதுகாப்பாக இருந்தவரைக் காணவில்லை என்பதை அது அறியும். காரியங்கள் முடிந்த கையோடு அவருடைய துணிகள் அனைத்தையும் அகற்றிவிடாமல், பூனை படுக்குமிடத்தில் ஒரு சேலையையோ வேட்டியையோ சில வாரங்கள் விட்டுவையுங்கள். வீட்டில் ஒருவர் மட்டும், அதே வேளையில், அதே கிண்ணத்தில் உணவிடட்டும். அந்த ஒருவர் யார் என்பதை நோயாளி நினைவோடு இருக்கும்போதே அவரிடம் கேட்டு முடிவு செய்வது நல்லது. கேட்கக் கூசும் கேள்வி போலத் தோன்றும். ஆனால் நோயாளிகளில் பலர் அதை யாராவது கேட்க மாட்டார்களா என்றே காத்திருக்கிறார்கள்.